மூன்று நொடி

சீன மருந்துக்கடை மாடியில்
என் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
படிக்கட்டுச் சுவரில் ஓர் அட்டை மட்டும்:
படம் மாற்றித் தரப்படும், ஒன்றுக்கு ஐந்து வெள்ளி.
எதை எதுவாக என்று எழுதவில்லை.
ஏறி வருகிறவர்களுக்குத் தெரியும்.

பகாவ் பசார் மாலத்தில் குவித்து விற்ற
அந்தக் குட்டிப் பெட்டி
அந்த வருடம் பாதி ஊரின் சட்டைப்பையில் இருந்தது.
திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
கொடுத்ததை அப்படியே தின்னாது.
முந்நூற்றிருபதுக்கு இருநூற்று நாற்பது என்று
மசித்துத்தான் ஊட்ட வேண்டும்.

ஜெயமேரி வந்தது ஒரு வெள்ளி சாயங்காலம்.
செனவாங் தொழிற்சாலைச் சீருடை,
நெஞ்சில் இன்னும் கழற்றாத எண் அட்டை.
ரப்பர் பட்டை போட்ட மூன்று சிடி.
உறையில் இரண்டு புறா, ஒரு ரோஜா,
ஞானதுரை என்ற பெயரில் ஓர் எழுத்து உரிந்திருந்தது.

'மூணும் கொள்ளாதுக்கா.
இதுல இடமே ஐந்நூத்துப் பன்னெண்டுதான்.'
'ரெண்டாவது மட்டும் போதும்.'
'முதல்லதானே கோயில், தாலி எல்லாம்?'
'அது முழுக்கப் பாட்டப் போட்டு மூடிட்டான் வீடியோக்காரன்.'

பச்சைக் கோடு ஊர்ந்தது.
அவள் முக்காலியில் உட்கார்ந்து
கறிபாப்பைப் பிட்டு உருளைக்கிழங்கை முதலில் தின்றாள்.
எழுபத்தோரு சதவீதத்தில் இடி, மின்சாரம் போனது.
மறுபடி பூஜ்ஜியம்.
மழை, எதிர்வரிசைக் கடைகளை அழித்து அழித்து வரைந்தது.
அவள் பஸ்ஸைப் பற்றிக் கேட்காமலே சொன்னாள்:
நாலரைக்கு ஏறினால் ஒன்றேகால் மணி நேரம்,
எல்லாரும் தூங்குவார்கள், தனக்கு மட்டும் வராது.

முடிந்ததும் போட்டுப் பார்த்தோம்.
தமிழ்ப்பள்ளி மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள்,
கோட்டு தோளில் தொங்க மாப்பிள்ளை.
யாரோ மைக்கைத் திணிக்கிறார்கள்.
வாய் திறக்கிறது.
ஒன்றும் வரவில்லை.
வாய் மூடி, திறந்து, கை கும்பிட்டு,
மைக்கைத் திருப்பித் தரும்போது
'வந்தவங்க எல்லாருக்கும்' என்றது குரல்.
மூன்று நொடி.

எனக்குக் காது சூடேறியது.
'சத்தம் பின்னால வருதுக்கா. பத்து நிமிஷம்,
இழுத்து ஒட்டிடுறேன்.'

அவள் பெட்டியை விடவில்லை.
இன்னொரு தடவை ஓட்டினாள்.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டு,
தோள் குலுங்கக் குலுங்க.
'வேணாம் தம்பி, தொடாதீங்க.
இவருக்கு வாய்தான் முதல்ல வரும்,
பேச்சு அப்புறம்தான்.
வீடியோக்காரன் அந்த இடத்தையெல்லாம் வெட்டி
கடகடன்னு பேசுறாப்ல ஒட்டிக் குடுத்தான்.
நாலு வருஷமா
யாரோ ஒருத்தரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.'

ஐந்து வெள்ளியை எண்ணி வைத்தாள், ஒரு வெள்ளித் தாள்களாக.
அவர் ராத்திரியில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறாராம்.
ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவாராம்.
சாவியைச் செருப்புக்குள் வைத்துவிட்டுப் போவாளாம்.
அவ்வளவுதான் சொன்னாள்.

தொழில் கர்வம் விடுமா?
அவள் போனதும் உட்கார்ந்து
மூவாயிரம் மில்லிநொடி முன்னால் தள்ளி
உதடும் ஒலியும் ஒட்டி
'சரியானது' என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
கேட்டு ஒருவரும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து
காக்கிக் கால்சட்டை, விரலெல்லாம் குலைமுள் கீறல்,
ஓர் ஆள் படியேறி வந்து
அதே பெட்டியை மேசைமேல் வைத்தார்.
என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

என்னண்ணே வேணும் என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
கீழே கடைக்காரர் எதையோ இடிக்கும் சத்தம்.
விசிறி ஒரு சுற்று போய் வந்தது.

'...கே, கேபிள்,' என்றார்.
'சார்ஜு ஏறல. அது பஸ்ஸுல...
பாக்கும்.'

கேபிள் ஏழு வெள்ளி.
ஐந்து என்றேன்.